வெங்காயப் பட்டறையில் வெயில் காசு

வீட்டுக் கம்ப்யூட்டரில், சோலார் கரண்டில், கிரிப்டோ காயின் மைனிங் பண்ணினால் லாபம் வருமா? என்னிடம் இதை மாதத்துக்கு ஒருத்தராவது கேட்டுவிடுகிறார்கள். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் டீ கிளாஸோடு மடக்கிக் கேட்டவர்கள்கூட உண்டு. நான் பதிலுக்கு ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: "உங்க வீட்ல வெங்காயம் இருக்கா?"

கிண்டல் பண்ணுகிறேன் என்று நினைத்துப் போய்விடுகிறார்கள். கிண்டலே இல்லை. எனக்குத் தெரிந்த பதில் முழுவதும் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. விவரமாகச் சொன்னால் டீ ஆறிவிடும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடு வேப்பந்தட்டை ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, காட்டுக்குள்ளேயே இருக்கிறது. காடு என்றால் புலி, சிங்கம் இல்லை. மானாவாரி நிலத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். நாலு ஏக்கர். மக்காச்சோளம், பருத்தி, கிணற்றில் தண்ணீர் இருக்கிற ரெண்டு ஏக்கரில் சின்ன வெங்காயம். நான் பைபாஸ் ஓரத்துக் காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு, வீட்டில் உட்கார்ந்தபடியே யாரோ ஒருவருடைய வெப்சைட்டில் பட்டனை இடமும் வலமும் நகர்த்தும் வேலையில் இருந்தேன். பட்டன் நகர்ந்ததே தவிர நான் நகரவில்லை. அந்த அரிப்பில்தான் மைனிங் பைத்தியம் பிடித்தது.

அம்மாவுக்கு மைனிங் என்றால் என்ன என்று விளக்கியது நன்றாக நினைவிருக்கிறது. "உலகம் பூரா லட்சக்கணக்கான கம்ப்யூட்டரு ஒரு எண்ணைத் தேடிக்கிட்டே இருக்கும்மா. சரியான எண் எவன் கைல மாட்டுதோ அவனுக்குக் காசு. தனியாத் தேடுனா நமக்கு ஆயுசுக்கும் மாட்டாது. அதனால கூட்டமாச் சேந்து தேடி, கெடச்சதப் பங்கு போட்டுக்குவாங்க."

அம்மா வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "கடலக்காட்டுல அறுப்பு முடிஞ்சப்புறம் தப்புக்கடல பொறுக்குற மாதிரி?"

"ஆமாம்மா! அதேதான்!"

"தப்புக்கடல பொறுக்குறதுக்கா நாலு வருஷம் பஸ்ஸுக்குக் காசு குடுத்தோம்?"

நான் இதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. லேப்டாப்பில் எக்செல் ஷீட் போட்டிருந்தேன். கரண்ட் செலவு என்ற கட்டத்தில் பூஜ்ஜியம். வெயிலுக்கு யார் பில் போடுவது? பெரம்பலூர் மாவட்டத்தில் ஏதாவது உற்பத்தி ஆகிறது என்றால் அது வெயில்தான். காயின் விலை ஏறும் என்ற கட்டத்தில் நானாக ஒரு எண்ணைப் போட்டேன். எக்செல்லில் எல்லோருமே கோடீஸ்வரர்கள்தான்.

கிராஃபிக்ஸ் கார்டு ரெண்டும் லெப்பைக்குடிக்காட்டிலிருந்து வந்தன. அங்கே என்னோடு படித்த தோழி ஒருத்தி இருக்கிறாள். அவளுடைய அண்ணன் துபாயிலிருந்து வரும்போது கொண்டுவந்த கார்டுகள். அவர் கொஞ்ச நாள் மைனிங் பண்ணிப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டில் அடியில் தள்ளியிருந்தார். தோழி போனிலேயே எச்சரித்தாள்.

"ஏண்டி, லாபம் வர்ற மாட்டை எவனாச்சும் விப்பானா? எங்கண்ணன் விக்கிறான்னா நீ யோசிக்க வேணாமா?"

"அவர் கரண்டுக்குக் காசு கட்டினார். நான் வெயில்ல ஓட்டப்போறேன்."

"இது ஹலாலா ஹராமான்னு எங்க வாப்பா எங்கண்ணனக் கேட்டாரு. அதுக்கு மொதல்ல லாபம்னு ஒண்ணு வரணும் வாப்பான்னு சொல்லிட்டான். நீ வந்து எடுத்துக்கிட்டுப் போ. கட்டில் அடியில கூட்டிப் பெருக்க முடியல."

பேனல் கொண்டுவந்தது மாமா. அம்மாவின் தம்பி, ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஃபேக்டரி எலக்ட்ரீசியன். அரியலூரில் பழைய இரும்புக் கடையில் ஆறு பேனலைக் கண்டுபிடித்து, குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். பேனல் என்று அவர் சொன்னதால்தான் தெரிந்தது. மேலே சாம்பல் நிறத்தில் ஒரு விரக்கடைக்கு ஓடு. சிமெண்ட் தூசு படிந்து, அதன்மேல் பனி பெய்து, காய்ந்து, மறுபடி படிந்து, கண்ணாடிமேல் யாரோ பூச்சு வேலை பார்த்த மாதிரி இருந்தது.

"மாமா, இது மேல ரெண்டு சுவர் எழுப்பினா வூடே ஆயிடும்."

"பேசாம அக்காகிட்டப் போயி ஒரு கிலோ புளி வாங்கிட்டு வா."

பித்தளைக் குடம் விளக்குகிற மாதிரி புளியைக் கரைத்து ஊற்றி, ரெண்டு நாள் தேய்த்தோம். சத்தியமாக ஓடு உரிந்து வந்தது. அந்த மாதம் எங்கள் வீட்டில் ரசம் இல்லை. லாப நஷ்டக் கணக்கில் புளியை நான் சேர்க்கவில்லை என்று அப்பா இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்.

பேனலை வெயிலில் சாய்த்தாயிற்று, மாமா ரெண்டு பழைய லாரி பேட்டரியும் ஒரு இன்வெர்ட்டரும் கட்டினார். நான் கார்டு ரெண்டையும் என் பழைய கம்ப்யூட்டர் பெட்டிக்குள் மாட்டினேன், மெஷின் ஓடியது. முதல் ஒரு மணி நேரம் நடுக்கூடத்தில். கார்டில் ரெண்டிரண்டு ஃபேன், பெட்டியில் நாலு, ஆக மொத்தம் ரைஸ் மில். டிவியில் செய்தி வாசிப்பவர் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். அப்பா ரிமோட்டைக் கீழே வைத்தார். "பாப்பா, இது இந்த வூட்ல இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

காற்றோட்டமான, நிழலான, ஈரமில்லாத இடம் வேண்டும். எங்கள் காட்டில் அப்படி ஒரே ஒரு இடம்தான் உண்டு, அது அம்மாவின் வெங்காயப் பட்டறை.

பட்டறை என்றால் கல் மேடு போட்டு, அதன்மேல் இடைவெளி விட்டுச் சட்டம் அடுக்கி, நாலு பக்கமும் மூங்கில் தட்டி கட்டி, மேலே கூரை வேய்ந்த நீளக் கூண்டு. கீழேயும் பக்கத்திலும் காற்று போய்க்கொண்டே இருக்கும். உள்ளே வெங்காயத்தைக் கொட்டி வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. சின்ன வெங்காயத்துக்கு விதை என்பது வெங்காயமேதான். அறுவடையில் நல்ல காயாகப் பொறுக்கி, பட்டறையில் போட்டு, ஐப்பசியில் திரும்ப நடுவோம். அதற்கு முந்தைய வருஷம் விதை அழுகிவிட்டது. வெளியில் வாங்கி நட்டதில் பாதி முளைக்கவே இல்லை. அப்பாவுக்கு மனசு விட்டுப்போய்விட்டது. "இந்த வருஷமும் விதை போச்சுன்னா காட்டைக் குத்தகைக்கு விட்டுட்டு, ரெட்டிபாளையத்துல வாட்ச்மேன் வேலைக்குப் போயிடறேன். மாப்ள சொல்லி வெச்சிருக்கான்" என்று முடிவாகச் சொல்லியிருந்தார். அம்மா அறுவடையானதும் தனியாக உட்கார்ந்து, ஒவ்வொரு காயாக அழுத்திப் பார்த்து, இருபது மூட்டை விதை பொறுக்கிப் பட்டறையில் கொட்டினாள். வேறு யாரையும் தொட விடவில்லை. அந்த இருபது மூட்டை நின்றால் காடு நிற்கும்.

அங்கேதான் நான் என் பெட்டியைக் கொண்டுபோய் வைக்கக் கேட்டேன்.

"ம்மா, வெங்காயத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒரே தேவைதான். நிழல், காத்து, ஈரம் கூடாது. ரெண்டும் ஒரே சாதிம்மா."

"என் விதைக்கு எதாவது ஒண்ணு ஆச்சு, பாத்தி கட்டி உன்ன நட்டுருவேன்."

இதை நான் அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

ஆவணி மாதம் முழுவதும் ஜோராக ஓடியது. காலை ஒன்பது மணிக்கு வெயில் ஏறினதும் தானே விழித்துக்கொள்ளும், நாலு மணிக்குத் தூங்கிவிடும். கவர்மெண்ட் ஆபீஸைவிட ஒழுங்கு. மேகம் மறைத்தால் நின்றுவிடும். லாரி பேட்டரி லாரியை ஸ்டார்ட் பண்ணப் பிறந்தது. நாள் பூரா இழுத்தால் நாக்குத் தள்ளும் என்பது மூன்றாவது வாரத்தில் தெரிந்தது. ஒரு நாள் வருமானம் ஒரு டீ. அதுவும் சர்க்கரை போடாத டீ. அதையும் உடனே கையில் தர மாட்டார்கள். கூட்டுச் சேர்ந்து தேடுகிற இடத்தில் ஒரு வரம்பு உண்டு. அதுவரை சேர்ந்தால்தான் பட்டுவாடா. அப்படியே வந்தாலும் லாபத்தில் முப்பது சதவீதம் வரி. வராத காசுக்கு வரி கேட்காமல் விட்டார்களே, அந்த மட்டுக்கும் நல்லவர்கள்.

ஆனால் நான் வேகமான ஆள். டீயைச் சர்க்கரை டீயாக ஆக்க, கார்டு எவ்வளவு சூடானால் தானே நிற்க வேண்டும் என்ற அளவை ஏற்றிவிட்டேன். இன்னும் கொஞ்சம் வேகம், இன்னும் கொஞ்சம் சூடு.

வெங்காயத்துக்குச் சருகு உண்டு என்பதை நான் யோசிக்கவில்லை. வெங்காயக் காட்டில் பிறந்து வளர்ந்து, வெங்காயக் காசில் படித்த இன்ஜினியர் யோசிக்கவில்லை. பட்டறையில் காற்றடித்தால் மெல்லிய செஞ்சருகு மழை மாதிரி பறக்கும். எட்டு ஃபேன் அதைப் பொறுமையாக, நாள் தவறாமல், உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

ஒரு நாள் உச்சி வெயில். நான் வீட்டுக்குள் பட்டன் நகர்த்திக்கொண்டிருந்தேன். அம்மா சோளக்காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து குரல் வந்தது.

"ஏண்டீ! பட்டறையில எவடி தாளிக்கிறவ?"

வாசனை எனக்கும் வந்தது. அருமையான வாசனை. கல்யாண வீட்டு வாசனை. ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கினேன். பெட்டிக்குள் சருகு மெத்தையாக அடைத்து, பவர் சப்ளைக்குள் போனது கருகிக்கொண்டிருந்தது. நெருப்புப் பிடிக்கவில்லை, பிடித்திருந்தால் மூங்கில் தட்டியோடு எல்லாம் போயிருக்கும், இதை நான் இவ்வளவு சிரிப்பாக எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். சூட்டுக் காற்று வருகிற பக்கம் ஒரு கை நீளத்துக்கு வெங்காயம் அவிந்துபோயிருந்தது. பிரியாணிக்கு ஆகும். விதைக்கு ஆகாது.

அம்மா வந்தாள். அவிந்த காய்களைக் கூடையில் எடுத்தாள். ஒரு மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போய் ஆட்டுக் கொட்டகையில் வைத்தாள். சாயங்காலம் அதன்மேல் ஒரு குட்டி ஏறி நின்றுகொண்டு என்னைப் பார்த்தது. மூன்று நாள் எங்கள் வீட்டில் வெங்காயக் குழம்பு, வெங்காயத் தொக்கு, வெங்காய வதக்கல். ஒவ்வொரு வாய்க்கும் அம்மா என் முகத்தைப் பார்ப்பாள். அப்பா மட்டும், "ருசி நல்லாத்தான் இருக்கு" என்றார்.

புரட்டாசிக் கடைசியில் நடவுக்கு ஆள் சொல்லியாயிற்று. அன்றைக்குப் பிடித்தது மழை. கொட்டுகிற மழை என்றால் கொட்டிவிட்டுப் போய்விடும். இது நசநசவென்று, நாலு நாளாக வெயில் முகமே காட்டாத மழை. காட்டில் கால் வைத்தால் முழங்கால்வரை இறங்கியது. நட முடியாது. விதை பட்டறையிலேயே கிடந்தது. ஐந்தாம் நாள் காலையில் அம்மா தட்டிக்குள் கையை விட்டு முகர்ந்து பார்த்தாள். பாதிப் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே ஏறினாள். நானும் ஏறினேன். காய்கள் வேர்த்திருந்தன. மூலையில் சில காய்கள் விரல் பட்டதும் கொழகொழத்தன. அந்த நாற்றம் எங்களுக்குத் தெரியும். போன வருஷத்து நாற்றம்.

அப்பா வெளியே குடையோடு நின்றார். செல்போனை எடுத்து மாமா நம்பரைத் தேடிக்கொண்டிருந்தார்.

அம்மா நடுவில் வந்ததும் நின்றாள். குனிந்தாள். ரெண்டு கையாலும் அள்ளிக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்கினாள்.

"இங்க வா. இதக் கேளு."

சலசலவென்றிருந்தது. காய்ந்த சருகின் சத்தம். என் பெட்டி இருந்த இடத்தை ஒட்டி அவிந்தது போக, அதற்கு அப்பால் ரெண்டு மூன்று முழம் சுற்றளவுக்கு எல்லாக் காயும் இப்படித்தான் இருந்தது. மேல்தோல் இறுகி, கழுத்து சுருங்கி மூடி, கல்லு மாதிரி. ஆவணி முழுவதும் வாங்கின சூட்டுக் காற்று அவற்றுக்கு ஒரு சட்டை தைத்துப் போட்டிருந்தது. அதற்கு வெளியே இருந்ததெல்லாம்தான் வேர்த்துக்கொண்டிருந்தது.

அம்மா என்னைப் பார்த்தாள். அந்த மூன்று நாள் வெங்காயக் குழம்புக்குப் பிறகு இப்போதுதான் முகத்தைப் பார்த்தாள் என்று சொல்ல வேண்டும்.

"அந்தப் பொட்டியக் கொண்டா."

"ம்மா, வெயில் இல்ல. கரண்டு எங்கேந்து வரும்?"

"நீ இன்ஜினியரா, நான் இன்ஜினியரா?"

அப்பா போட்ட போனுக்கு மாமா நேரிலேயே வந்துவிட்டார், அரியலூரிலிருந்து மழைக் கோட்டோடு. விஷயம் கேட்டதும் கிணற்று மோட்டார் பக்கம் கையைக் காட்டினார். "விவசாயக் கரண்டு ஃப்ரீதானேக்கா. ஒரு ஒயர் இழுத்தா முடிஞ்சுது."

"மோட்டாருக்குத்தான் மாப்ள ஃப்ரீ. லைன்மேன் பாத்து ஃபைன் போட்டா உங்க கம்பெனியா கட்டும்?" என்றார் அப்பா. "வூட்டு கரண்ட இழு. மீட்டர் ஓடுனா ஓடிட்டுப் போவுது."

வீட்டிலிருந்து பட்டறைக்கு நாற்பது எட்டு வைக்கிற தூரம். மாமா கம்பு நட்டு ஒயர் இழுத்தார். நான் பெட்டியைத் திறந்து சருகையும், ஆட்டுக் கொட்டகையில் சேர்ந்த இன்னொரு சமாச்சாரத்தையும் துடைத்து, பெரம்பலூருக்கு ஓடி வாங்கிவந்த புது பவர் சப்ளையைப் போட்டேன். சூட்டு அளவைப் பழைய இடத்துக்கே இறக்கினேன். சருகு உள்ளே போகாமல் இருக்க அம்மாவின் பழைய நைலக்ஸ் புடவையைப் பெட்டியைச் சுற்றி, நாலு கம்பில் தள்ளிக் கட்டினோம். சுற்றிலும் ரெண்டு முழத்துக்கு வெங்காயத்தை விலக்கினோம். கூடத்து டேபிள் ஃபேன் ஒரு முனைக்குப் போனது. பட்டன் அழுத்தினேன். ரைஸ் மில் கிளம்பியது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். டிவியைத் தேடவில்லை.

பகல் முழுக்க ஓடும். மணிக்கு ஒரு தடவை அம்மா பெட்டியைத் தூக்கி வேறு இடத்தில் வைக்கச் சொல்வாள். நீளக் கூண்டில் பெட்டி ஒரு முனையிலிருந்து நகர்ந்து நகர்ந்து போகும். கோழி அடைகாக்கிற மாதிரி. என் போனில் வருமானம் அதே சர்க்கரை இல்லாத டீ. மீட்டரில் செலவு ஏழெட்டு டீ. மைனிங் வரலாற்றிலேயே நஷ்டம் என்று நன்றாகத் தெரிந்து, குடும்பமாகச் சேர்ந்து, குடை பிடித்துக்கொண்டு மைனிங் பண்ணியவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

நாலாவது நாள் கை விட்டால் வறண்ட சூடு தெரிந்தது. ஒன்பதாவது நாள் வெயில் வந்தது. பெட்டி போகாத கடைசி மூலையில் ஒரு மூணு மூட்டை போய்விட்டது. மிச்சம் எல்லாம் சலசலத்தது. அப்பா ஒரு காயை நகத்தால் கிள்ளிப் பார்த்தார். உள்ளே பச்சை முனை உயிரோடு இருந்தது. அவர் செல்போனை எடுத்து மாமாவிடம், "வாட்ச்மேன் வேலைக்கு வேற ஆளப் பாத்துக்கச் சொல்லு மாப்ள" என்றார். பாத்தி கட்ட மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நடவு அன்றைக்கு வந்த பொம்பளைகள் பட்டறையில் புடவை கட்டிய பெட்டியைப் பார்த்துவிட்டு, "இது என்னக்கா, சாமியா?" என்று கேட்டார்கள். "வெங்காயம் காய வெக்கிற மெஷினு. எம்பொண்ணு பண்ணுனது" என்றாள் அம்மா. எனக்குக் கூச்சமாகிவிட்டது. நான் பண்ணியது அவியல்தான்.

வெங்காயம் முளைத்து ஒரு விரல் உயரம் வந்த பிறகு, ஒரு நாள் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. தோழி போன் பண்ணியிருந்தாள். கார்டைக் கேட்டு ஒரு ஆள் வந்திருக்கிறாராம், பாவம், அவரும் சோலார் வைத்திருக்கிறாராம்.

"ம்மா, இந்தக் கார்டை வித்துடலாம்னு பாக்கறேன். வெயில்ல ஓட்டுனாலும் சரி, கரண்ட்ல ஓட்டுனாலும் சரி, இதுல லாபம் வராது. பேனல், பேட்டரி, புளி, எல்லாத்துக்கும் கணக்குப் போட்டுட்டேன். மழைக்கு விதை காயணும்னா டேபிள் ஃபேனும் நாலு குண்டு பல்பும் போதும். அதே சூடுதான். அதே கரண்டுதான்."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "அதே கரண்டா?"

"அதே கரண்டு."

"பல்பு எதாவது திருப்பிக் குடுக்குமா?"

"பல்பு எப்படிம்மா குடுக்கும்?"

"இது குடுக்குதுல்ல? டீக்காச்சும்?"

நாலு வருஷக் காலேஜ், ஆறு மாத யூடியூப், பதினேழு கட்டம் போட்ட எக்செல் ஷீட். ஒன்றிலும் இந்தக் கட்டம் இல்லை. எப்படியும் சூடு வேண்டும், எப்படியும் கரண்ட் செலவாகும் என்றால், அதில் வருகிற டீ சும்மா வருகிற டீ.

"அப்ப விக்க வேணாம். விதை உள்ள போவும்போது பொட்டியும் உள்ள போவட்டும்" என்றாள் அம்மா. "அந்தக் காசு கைக்கு எப்ப வரும்?"

வரம்பைப் பார்த்தேன், சேர்ந்ததைப் பார்த்தேன். "இதே மாதிரி போனா இன்னும் மூணு வருஷம் ஆவும்மா."

"மூணு வெள்ளாமதானே" என்று சொல்லிவிட்டு அம்மா களைக்கொத்தை எடுத்துக்கொண்டு பாத்திக்குள் இறங்கினாள். நான் தோழிக்கு போன் போட்டு, கார்டு விற்பனைக்கு இல்லை, ஆனால் வந்திருக்கிற ஆளிடம் வெங்காயம் இருக்கிறதா என்று மட்டும் கேள் என்றேன்.